சின்ன ஆசைக்கும் உரிமை உண்டு



இந்த வாரம் ஒரு கார்ட்டூன் தொடரைப் பற்றி எழுதுகிறோம். வன்கொடுமை வழக்கு, உதவித்தொகை நிலுவை, பஞ்சமி நிலம் என்று எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் மேல் நாங்களே வைக்கும் ஒரு விமர்சனமும் இதில் இருக்கிறது.

போன மே மாத விடுமுறையில், எங்கள் மாலைநேரப் பயிலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது படம் போடலாம் என்று முடிவு செய்தோம். சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் ‘தி ஃபேர்லி ஆட்பேரண்ட்ஸ்: எ நியூ விஷ்’ என்ற அமெரிக்கத் தொடரின் முதல் சீசனைப் போட்டோம். கல்லூரியில் படிக்கும் தோழர் ஒருவர் தேர்ந்தெடுத்தது. ஆங்கில வசனத்தை இடையிடையே நிறுத்தி, தமிழில் சொல்லிச் சொல்லி ஓட்டினோம். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை ஒரு இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

கதை எளியது. ஹேசல் வெல்ஸ் பத்து வயதுக் கறுப்பினச் சிறுமி. குடும்பம் டிம்மடெல்ஃபியா என்ற பெரிய நகரத்துக்குக் குடிவருகிறது. கூடவே வளர்ந்த அண்ணன் ஆண்டனி கல்லூரிக்குப் போய்விட்டான். புது ஊர், புதுப் பள்ளி, மனசு விட்டுப் பேச ஆளில்லை. பக்கத்து வீட்டில் ஒரு வினோதமான தம்பதி இருக்கிறார்கள். ஒருவருக்குப் பச்சைத் தலைமுடி, இன்னொருவருக்கு இளஞ்சிவப்புத் தலைமுடி. காஸ்மோ, வாண்டா என்ற இந்த இருவரும் உண்மையில் பணி ஓய்வு பெற்ற தேவதைகள். ஹேசலுக்காக ஓய்வை விட்டு மறுபடி வேலைக்கு வருகிறார்கள். அவள் ஆசையைச் சொன்னால் போதும், மந்திரக்கோலைச் சுழற்றி நடத்திக் கொடுப்பார்கள். ஆசை ஏடாகூடமாகப் போகும், ரகளையாகும், கடைசியில் எப்படியோ ஒரு வழிக்கு வரும். சிரிக்க வைக்கிற தொடர்தான்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பையன் திரும்பிக் கேட்டான். “அக்கா, இந்தப் பிள்ளைய எப்பக்கா திட்டுவாங்க?”

எங்களுக்கு முதலில் புரியவில்லை. “யாருடா திட்டப் போறாங்க?”

“அது கறுப்பா இருக்குல்ல. ஸ்கூல்ல யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்கல்ல. அப்புறம்தான கதை.”

யாரும் சொல்லவில்லை. அடுத்த அத்தியாயத்திலும் சொல்லவில்லை. நாங்கள் போட்ட அத்தியாயங்கள் எதிலும் நிறத்தைச் சொல்லி ஹேசலை யாரும் அவமானப்படுத்தவில்லை. பாதி நேரம் அந்தப் பையன் காத்துக்கொண்டே இருந்தான். பிறகுதான் காத்திருப்பதை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

அவனுடைய அந்தக் காத்திருப்புதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

துயரம்தான் தகுதியா?

இந்தத் தொடருக்கு ஒரு மூத்த தொடர் உண்டு. புட்ச் ஹார்ட்மன் உருவாக்கிய ‘தி ஃபேர்லி ஆட்பேரண்ட்ஸ்’ 2001 மார்ச் 30 அன்று நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தொடங்கியது. 2017 வரை 10 சீசன்கள் ஓடியது. அதன் நாயகன் டிம்மி டர்னர் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன். அவனுக்கும் பத்து வயது. அப்பா அம்மாவுக்கு அவனைக் கவனிக்க நேரமில்லை. அவர்கள் வெளியே போகும்போதெல்லாம் அவனைப் பார்த்துக்கொள்ள வருகிற விக்கி என்ற பதினாறு வயதுப் பெண் அவனைப் படாதபாடு படுத்துகிறாள். பள்ளியில் ஆசிரியரும் அப்படித்தான். இவ்வளவு துன்பப்படுகிற பிள்ளை என்பதால் அவனுக்குத் தேவதைகள் கிடைக்கிறார்கள். துயரப்படும் குழந்தைக்குத்தான் தேவதை என்பது அந்தத் தொடரின் அடிப்படை விதி.

அந்தத் தொடரிலும் கறுப்பினச் சிறுவன் உண்டு. ஏஜே என்று பெயர். டிம்மியின் நண்பன், பெரிய மேதை. ஆனால் கதை அவனுடையது கிடையாது. ஏழைச் சிறுவனும் உண்டு. செஸ்டர் என்ற அந்த நண்பன் டிரெய்லர் வண்டி வீட்டில் வசிக்கிறான். அவனுடைய அப்பா ஊரே கேலி செய்கிற தோற்றுப்போன பேஸ்பால் ஆட்டக்காரர், தலையில் பையை மாட்டிக்கொண்டு திரிவார். செஸ்டரின் வறுமை சிரிப்புக்குப் பயன்பட்டது. டிம்மியின் தனிமை கதையாக ஆனது. யாருடைய துயரம் கதை, யாருடைய துயரம் ஜோக் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று சமூகவியல் வகுப்பில் பேசுவோமே, அதை ஒரு கார்ட்டூனிலேயே பார்க்கலாம்.

துயரம்தான் தகுதி என்ற விதி நமக்குப் புதிதா? நம் பிள்ளைகளுக்கு எது கிடைக்க வேண்டுமென்றாலும் முதலில் துயரத்தை நிரூபிக்க வேண்டும். தனியார் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ‘உங்கள் குடும்பச் சூழ்நிலை பற்றி எழுதுக’ என்று ஒரு பக்கம் காலியாக விட்டிருப்பார்கள். அதில் அப்பா குடிப்பதையும், கூரை ஒழுகுவதையும், அம்மா அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதையும் பிள்ளை தன் கையெழுத்தில் எழுத வேண்டும். எவ்வளவு உருக்கமாக எழுதுகிறதோ அவ்வளவு வாய்ப்பு. நிதி கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தால், நன்றாகப் பேசுகிற பிள்ளையை முன்னால் நிறுத்துவோம். ‘நாங்கள்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதை நாங்களும் செய்திருக்கிறோம்.

2024 மே 20 அன்று ஒளிபரப்பான புதிய தொடர் இந்த விதியை ஓசையில்லாமல் மாற்றுகிறது. ஹேசலை யாரும் அடிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அவள் மேல் உயிராக இருக்கிறார்கள். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. அண்ணன் இல்லாத வீடு வெறிச்சென்று இருக்கிறது, புது இடம் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அளவு வருத்தம் போதும், உனக்குத் தேவதை வரலாம் என்கிறது கதை. ஒரு கறுப்பினச் சிறுமியிடம் ‘உன் இனம் பட்ட துயரத்தை முதலில் சொல், பிறகு பார்க்கலாம்’ என்று கேட்கவில்லை. அவளுக்குக் குரல் கொடுத்திருப்பவர் ஆஷ்லி கிரிஸ்டல் ஹேர்ஸ்டன், அவரும் கறுப்பினப் பெண். அந்தக் குரலில் தயக்கம் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கே உரிய பிடிவாதமும் இருக்கிறது.

இது சின்ன மாற்றம்போலத் தெரியும். அந்த இடத்துக்கு வந்து சேர அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

மனு எழுதிய அதே கை

1946இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். டு போய்ஸும் பதில் எழுதினார். இந்தக் கடிதத்தைப் பற்றி நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானபோது அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றியும் பேசுகிறோம்.

டு போய்ஸ் செய்த இன்னொரு வேலையைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1920 ஜனவரி முதல் 1921 டிசம்பர் வரை அவர் ‘தி பிரவுனீஸ் புக்’ என்ற மாத இதழை நடத்தினார். அது கறுப்பினக் குழந்தைகளுக்கான பத்திரிகை. ஜெஸ்ஸி ஃபாசெட் என்ற எழுத்தாளர் அதன் இலக்கியப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். கதை, பாட்டு, விளையாட்டு, குழந்தைகளின் கடிதம், குழந்தைகளின் புகைப்படம் எல்லாம் அதில் வந்தன. பிற்காலத்தில் பெரும் கவிஞராக அறியப்பட்ட லாங்ஸ்டன் ஹியூஸின் தொடக்ககாலக் கவிதைகள் 1921இல் அந்த இதழில்தான் அச்சாயின. கறுப்பின மக்களைக் கூட்டமாகச் சேர்ந்து அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட காலம் அது. அந்தக் கொலைகளைக் கணக்கெடுத்து எழுதிக்கொண்டிருந்த மனிதர், குழந்தைகளுக்கு விளையாட்டும் வேண்டும் என்று நினைத்தார். மனு எழுதிய அதே கைதான் அந்தப் பத்திரிகையையும் நடத்தியது.

அதற்குப் பிறகும் நிலைமை எளிதில் மாறவில்லை. 1965இல் நான்சி லாரிக் என்பவர், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியான 5,206 குழந்தைப் புத்தகங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கதையிலோ படத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது இருந்த புத்தகங்கள் அவற்றில் 6.7 விழுக்காடுதான். 1985இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை நூல் மையம் கணக்கெடுத்தபோது, அந்த ஆண்டு வெளியான ஏறத்தாழ 2,500 புத்தகங்களில் கறுப்பினப் படைப்பாளிகளுடையவை 18 மட்டுமே. 1990இல் பேராசிரியர் ரூடின் சிம்ஸ் பிஷப், குழந்தைக்குப் புத்தகம் ஒரு ஜன்னலாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அடுத்தவர் வாழ்க்கையைப் பார்க்க ஜன்னல், தன் முகத்தைப் பார்க்கக் கண்ணாடி.

நம் பிள்ளைகளுக்கும் கண்ணாடி கிடைக்கிறது. ஆனால் அந்தக் கண்ணாடியில் பெரும்பாலும் அழுத முகம்தான் தெரிகிறது. நாமே எடுத்த படங்களையும் நாமே எழுதிய கதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அவற்றின் தேவையை நாங்கள் மறுக்கவில்லை. நடந்த கொடுமையை நடந்தபடி சொல்லவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஆனாலும், கறுப்பாக ஒரு பிள்ளை திரையில் வந்ததும் ‘எப்ப திட்டுவாங்க’ என்று பத்து வயதுப் பையன் காத்திருக்கிறான் என்றால், அவனுக்கு நாம் ஒரேயொரு கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறோம் என்று அர்த்தம்.

தமிழில் விதிவிலக்குகள் உண்டு. 2015இல் வந்த ‘காக்கா முட்டை’யில் சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இருவருக்கும் ஒரு பீட்சா சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கரி பொறுக்கிக் காசு சேர்க்கிறார்கள், புதுத்துணி வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள், அப்படியும் கடை வாசலில் அடி விழுகிறது. 2024இல் வந்த மாரி செல்வராஜின் ‘வாழை’யிலும் வாழைத்தார் சுமக்கிற சிறுவனுக்கு ரஜினியா கமலா என்று நண்பனோடு சண்டை போட நேரம் இருக்கிறது, டீச்சர் மேல் கொள்ளைப் பிரியம் இருக்கிறது. அந்தப் படங்கள் நம் மனசில் நிற்பதற்குக் காரணம் துயரம் மட்டும்தானா? அந்தச் சின்ன ஆசைகளும்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சீட்டில் எழுதியவை

இனி எங்கள் கதைக்கு வருகிறோம்.

மூன்று நாள் படம் போட்டு முடித்ததும் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்தோம். “காஸ்மோவும் வாண்டாவும் உங்க வீட்டுக்கு வந்தா என்ன கேப்பீங்க? எழுதுங்க” என்றோம். எழுதினார்கள். ஒவ்வொருவராக எழுந்து வாசித்தார்கள்.

“எங்க சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும்.” “நான் கலெக்டர் ஆகி மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும்.” “சாதி ஒழிய வேண்டும்.” “எங்கள் காலனிக்கு நல்ல தண்ணீர் வேண்டும்.” கைதட்டினோம். எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சின்ன வயதிலேயே எவ்வளவு தெளிவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அன்று இரவு சீட்டுகளை அடுக்கும்போது எங்களில் ஒருவர் சொன்னார். “இதெல்லாம் நாம எழுதுற மனு மாதிரியே இருக்கே. வார்த்தை உட்பட.”

அவர் சொன்னது உண்மை. ‘செய்து தருமாறு’ என்றுகூட ஒரு பிள்ளை எழுதியிருந்தது. எந்தப் பத்து வயதுப் பிள்ளை தேவதையிடம் ‘செய்து தருமாறு’ கேட்கும்? பார்வையாளர் வரும்போது, பத்திரிகைக்காரர் வரும்போது, அதிகாரி வரும்போது எங்கள் வாயிலிருந்து கேட்டுப் பழகியதை அவர்கள் எங்களுக்கே திருப்பித் தந்திருக்கிறார்கள். எதைச் சொன்னால் அக்காக்களும் அண்ணன்களும் கைதட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூத்த தொடரில் ‘விதிகள்’ என்று ஒரு தடித்த புத்தகம் வரும். எந்த ஆசை செல்லும், எது செல்லாது என்று அதில் எழுதியிருக்கும். போட்டியில் ஏமாற்றி ஜெயிக்க ஆசைப்படக் கூடாது, உண்மையான காதலில் தலையிடக் கூடாது, தேவதை இருப்பது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்று வரிசையாகப் போகும். பயிலகத்தில் எங்களிடமும் அப்படி ஒரு புத்தகம் இருந்திருக்கிறது, எங்களுக்கே தெரியாமல். அதன்படி ஊருக்கான ஆசை செல்லும். தனக்கான ஆசை செல்லாது.

அடுத்த வாரம் மறுபடியும் சீட்டு கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம், யாரும் வாசிக்க மாட்டோம், பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்றோம். பிள்ளைகளின் அனுமதி கேட்ட பிறகே, யார் என்று தெரியாதபடி சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஒரு நாள் முழுக்க யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். முட்டை பப்ஸ் மூன்று, பங்கு கொடுக்காமல். நாய்க்குட்டி, வெள்ளையில் பழுப்புப் புள்ளி போட்டது. பக்கத்தில் உட்காருகிற பெண் தன் வீட்டுக்குப் பிறந்தநாளுக்குக் கூப்பிட வேண்டும். டான்ஸில் முதல் வரிசையில் நிற்க வேண்டும். அக்காவின் பழைய யூனிஃபார்ம் வேண்டாம், புதுசு வேண்டும். இன்னொரு சீட்டில் ஒரே வரி: ‘எங்க அண்ணன் திருப்பூர்ல இருந்து வீட்டுக்கு வரணும்.’

அந்தக் கடைசிச் சீட்டை நாங்கள் கீழே வைக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தோம். ஹேசலின் அண்ணன் கல்லூரிக்குப் போனான். இந்தப் பிள்ளையின் அண்ணன் பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்று, பனியன் கம்பெனிக்குப் போனான். இரண்டு தங்கைகளுக்கும் வீடு ஒரே மாதிரிதான் வெறிச்சென்று இருக்கிறது.

இதில் அரசியல் எங்கே?

இந்த இடத்தில் நம் இளம் தோழர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் எங்களுக்கும் உண்டு.

முதலாவது, இந்தத் தொடர் இனவெறியைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறதே? ஆமாம், அந்தக் குறை இருக்கிறது. டிம்மடெல்ஃபியாவில் ஹேசலின் நிறம் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. நிஜ அமெரிக்க நகரங்கள் எதுவும் அப்படி இல்லை. சாதியைப் பற்றிப் பேசாத தமிழ்க் குழந்தைக் கதையை நாம் எப்படி விமர்சிப்போமோ அதேபோல இதையும் விமர்சிக்கலாம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சாதியைப் பேசாத நம் கதைகளில் நம் பிள்ளையே இருக்க மாட்டாள். அந்தக் கதையின் சிறுவனுக்கு அக்ரஹாரமோ பெரிய வீடோ இருக்கும், அதைச் ‘சாதாரணம்’ என்பார்கள். இங்கே கறுப்பினச் சிறுமி நடுவில் இருக்கிறாள், ‘சாதாரணம்’ என்ற இடம் அவளுடையது. இந்த ஒரு தொடர் எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும் என்று கேட்பது, ஒரே ஒரு நாற்காலி கிடைத்தவளிடம் முழு சமூகத்தையும் அதில் உட்கார வை என்று சொல்வதற்குச் சமம். நாம் கேட்க வேண்டியது கூடுதல் நாற்காலிகள்.

இரண்டாவது, பணக்காரப் பிள்ளைக்கும் தேவதை தருகிறார்களே? ஆமாம். டெவ் டிம்மடோம் என்ற பெரும் செல்வந்தர் வீட்டுப் பையனுக்கும் ஒரு தேவதை உண்டு. காஸ்மோ, வாண்டாவின் மகன் பெரிதான் அவனுக்குத் தேவதை. டெவ்வின் அப்பாவுக்கு அவனோடு பேச நேரமில்லை. எங்களில் சிலருக்கு இது எரிச்சலாக இருந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கிறவனுக்கு மந்திரக்கோல் வேறா? பிள்ளைகள் எங்களைவிடப் பெருந்தன்மையாக இருந்தார்கள். “பாவம்க்கா அவன்” என்றார்கள். பணக்காரப் பையனின் தனிமையை நம் பிள்ளைகளால் புரிந்துகொள்ள முடிகிறது. நம் பிள்ளைகளின் தனிமையை அந்தப் பக்கம் இருப்பவர்கள் புரிந்துகொள்ள என்ன கதை இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

மூன்றாவதுதான் முக்கியமானது. தேவதை தருவது வரம். நாம் கேட்பது உரிமை. வரத்தை நம்ப வைக்கிற கதையை நம் பிள்ளைகளுக்கு ஏன் காட்ட வேண்டும்?

இதை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923இலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மகாடு நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் வரம் கிடைத்துவிட்டது. ஒருவராலும் தண்ணீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகுதான் அது உரிமைக்கான போராட்டமாக மாறியது. தேவதைக் கதையின் விதியோ இதற்கு நேர்மாறானது. யாரிடமும் சொல்லாதே, சொன்னால் தேவதை போய்விடும் என்பது அதன் விதி. நாமோ சொல், சேர்ந்து சொல், தெருவில் சொல் என்கிறோம்.

ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒன்று நடந்தாக வேண்டும். தனக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். ஆசைப்படுவதே தப்பு என்று கற்றுக்கொடுத்துத்தான் சாதி நம்மை இவ்வளவு காலம் அடக்கி வைத்திருக்கிறது. இந்தத் துணி உடுத்தாதே, இந்தப் பாத்திரத்தில் சமைக்காதே, இந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டாதே என்று அது போட்ட தடைகள் எல்லாம் சின்னச் சின்ன ஆசைகளின் மேல் விழுந்தவைதான். நல்ல சட்டை போட்டதற்கும் மீசை வைத்ததற்கும் அடி வாங்கியவர்களின் பிள்ளைகளிடம் போய், ‘பெரிய கோரிக்கையை மட்டும் சொல், முட்டை பப்ஸையெல்லாம் சொல்லாதே’ என்று நாமும் சொல்லலாமா?

அந்தத் திருப்பூர்ச் சீட்டை இன்னொரு முறை பாருங்கள். ‘சாதி ஒழிய வேண்டும்’ என்ற முதல் சீட்டைப் படித்துவிட்டு நாங்கள் கைதட்டினோம், எதுவும் செய்யவில்லை. ‘அண்ணன் வீட்டுக்கு வரணும்’ என்ற சீட்டைப் படித்ததும் கேள்விகள் வரிசையாக வந்தன. அவன் ஏன் போனான்? தோற்ற பாடத்துக்குத் துணைத்தேர்வு எழுத ஏன் யாரும் சொல்லவில்லை? அவன் வகுப்பில் தோற்றவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள், ஊர்த்தெருப் பையன்கள் எங்கே போனார்கள்? பள்ளியை விட்ட பிள்ளைகளைத் தேடிப்போகிற வேலை எங்களுடையதாக இருந்தும் இவன் எப்படித் தவறிப்போனான்? பொதுவான கோரிக்கை எங்களைத் தட்டிக்கொடுத்தது. ஒரு தங்கையின் சின்ன ஆசை எங்களைக் கணக்குக் கேட்டது.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

அதன் பிறகு பயிலகத்தில் சில வழக்கங்களை நிறுத்தினோம். பார்வையாளர் வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல வைப்பதில்லை. கேட்டால், ‘எங்களிடம் கேளுங்கள், நாங்கள் சொல்கிறோம்’ என்கிறோம். இதனால் ஓர் உதவி கைநழுவியும் போனது. போகட்டும். சீட்டுப் பெட்டி நிரந்தரமாகிவிட்டது. மாதம் ஒரு முறை திறக்கிறோம். செய்ய முடிந்ததைச் செய்கிறோம். நாய்க்குட்டி வந்துவிட்டது, இப்போது பயிலகத்து வாசலிலேயே கிடக்கிறது. பப்ஸும் வந்தது, பங்கு கொடுக்காமல் தின்றது யார் என்று நாங்கள் பார்க்கவில்லை.

அண்ணனோடு போனில் பேசினோம். துணைத்தேர்வு எழுதலாம், கட்டணத்தையும் பாடத்தையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். வீட்டுக் கடன் முடியட்டும் என்றான். தீபாவளிக்கு இரண்டு நாள் வந்திருந்தான். தங்கை அந்த இரண்டு நாளும் பயிலகத்துக்கு வரவில்லை. திரும்பிப் போய்விட்டான். தேர்வு பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை. நாங்களும் விடவில்லை. எங்கள் கையில் மந்திரக்கோல் இல்லை, விண்ணப்பப் படிவம்தான் இருக்கிறது.

களப்பணிக்குப் போகிற மாணவத் தோழர்களே, நேர்காணல் எடுக்கும்போதும் ஆய்வுக்குத் தரவு சேர்க்கும்போதும் ‘என்னென்ன பாகுபாடு அனுபவித்தாய்’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘உனக்கு என்ன பிடிக்கும்’ என்றும் கேளுங்கள். பதிலை அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதிலுக்குப் பின்னாலும் சாதி இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பிள்ளை இருக்கும்.

‘எப்ப திட்டுவாங்க’ என்று கேட்ட அந்தப் பையன் போன மாதம் ஒரு கதை எழுதிக் கொண்டுவந்தான். ஒரு பையன், ஒரு பறக்கும் ஆடு, ஒரு பேய் பிடித்த ஆட்டோ. நான்கு பக்கம். கதையில் அவனை யாரும் திட்டவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. “அடுத்து என்னடா ஆச்சு?” என்று மட்டும்தான் கேட்டோம்.

ஜெய்பீம்.